பிட்யூட்டரியில் துண்டு போடும் ஊசி

ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சையில் இருக்கும் வாசகி ஒருவர் சேலத்திலிருந்து எழுதியிருக்கிறார். ஆறாம் நாளிலிருந்து தினமும் காலை 8 மணிக்கு செட்ரோரெலிக்ஸ் ஊசியை அடிவயிற்றில் தானே போட்டுக்கொள்ள வேண்டுமாம். "திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம் என்று அத்தை தடுக்கிறார். ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டால் கெட்டுவிடுமா?" என்பது அவர் கேள்வி. அந்த ஊசி எதைத் தடுக்கிறது என்று தெரிந்துவிட்டால் பதிலை அவரே சொல்லிவிடுவார்.

பள்ளிப் பாடத்தை வேகமாகக் கடந்துவிடுவோம். மூளையின் ஹைப்போதலாமஸ், ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விட்டு விட்டு அனுப்புகிறது. அது வந்து தட்டும்போதெல்லாம் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. எஃப்.எஸ்.எச். சினைப்பையில் முட்டைக் குமிழை வளர்க்கும். எல்.எச். திடீரென்று பொங்கினால் முட்டை முதிர்ந்து, ஏறத்தாழ ஒன்றரை நாளில் குமிழ் வெடித்து வெளியே வந்துவிடும்.

எப்போது பொங்க வேண்டும் என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வளரும் குமிழ் ஈஸ்ட்ரஜனைச் சுரக்கிறது. மாதத்தின் பெரும்பகுதியில் ஈஸ்ட்ரஜன் எல்.எச்.சை அடக்கித்தான் வைக்கிறது. ஆனால் அதன் அளவு ஒரு வரம்பைத் தாண்டி, இரண்டு நாள் போல அங்கேயே நின்றுவிட்டால், அதுவரை அடக்கியதே தூண்ட ஆரம்பித்துவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தோட்டக்காரர் கொல்லைப்புறத்துப் பலா வாசனையை வைத்தே "பறித்துவிடு" என்று குரல் கொடுப்பதைப் போல. ஒரே பழம் என்றால் அவர் கணக்கு தப்பாது. ஐ.வி.எஃப்.பில் எஃப்.எஸ்.எச். ஊசி போட்டுப் பத்துக் குமிழ்களை ஒன்றாக வளர்க்கிறோம். பத்துச் செங்காய்கள் சேர்ந்தால் ஒரு பழத்தின் வாசனை வந்துவிடும். மூளை மொத்த வாசனையைத்தான் மோந்து பார்க்கிறது. எத்தனை காய் என்று எண்ணுவதில்லை. குரல் முன்கூட்டியே போய்விடும். முட்டையை எடுக்க மருத்துவர் ஊசியோடு வரும்போது குமிழ் காலியாக இருக்கலாம்.

1978இல் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனுக்காக, விஞ்ஞானி எட்வர்ட்ஸும் மருத்துவர் ஸ்டெப்டோவும் தூண்டும் மருந்தே தரவில்லை. தாயின் சிறுநீரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்து எல்.எச். அலைக்காகக் காத்திருந்தார்கள். அது நள்ளிரவில் வந்தாலும் அதற்கேற்பத்தான் அறுவை அரங்கைத் திறக்க வேண்டும்.

செட்ரோரெலிக்ஸ் செய்வது நம்மூர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வேலை. ஜி.என்.ஆர்.எச். பத்து அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. அதில் ஐந்தை மாற்றினால் கிடைப்பது செட்ரோரெலிக்ஸ். பிட்யூட்டரியின் இருக்கையில் கச்சிதமாக உட்காரும். ஆனால் டிக்கெட் வாங்காது, விசில் அடிக்காது, பஸ் நகராது. சில மணி நேரத்திலேயே எல்.எச். படுத்துவிடும். குமிழ்கள் வெளியிலிருந்து போடும் எஃப்.எஸ்.எச். ஊசியில் வளர்ந்துகொண்டிருக்கும்.

அந்த ஜி.என்.ஆர்.எச். சங்கிலியைக் கண்டுபிடிக்க, போட்டி விஞ்ஞானிகளான ஷாலி பன்றி மூளைகளையும் கியமின் ஆட்டு மூளைகளையும் லட்சக்கணக்கில் அரைத்தார்கள். 1977இல் நோபல் பரிசு வந்தது. அதே விண்ணப்பத்தை இன்று நம்முடைய நிதிக் குழு ஒன்றிடம் கொடுத்தால் "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்ற கட்டத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது என் சந்தேகம்.

துண்டு நிரந்தரமல்ல. மருந்து உடலிலிருந்து கழியக் கழிய, ஹைப்போதலாமஸ் அனுப்பும் உண்மையான பயணிகள் இருக்கையைப் பிடித்துவிடுவார்கள். அதனால்தான் 0.25 மில்லிகிராம் தினமும். இதே வகையைச் சேர்ந்த கனிரெலிக்ஸின் மருந்துக் குறிப்பு, இரண்டு ஊசிகளுக்கு இடையே 30 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று சொல்கிறது. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட்டுச் சரிக்கட்டக் கூடாது. நினைவு வந்த கணமே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும்.

செட்ரோரெலிக்ஸ் பொடியாக வரும். கூடவே இரண்டு ஊசிகள் இருக்கும்: தடித்தது கலக்க, மெல்லியது போட. நீரை விட்டபின் புட்டியை மெதுவாகச் சுழற்றுங்கள், குலுக்கினால் நுரைக்கும். கரைசல் கலங்கலாக இருந்தால் வேண்டாம். தொப்புளை ஒட்டிப் போடாமல், தினமும் இடத்தை மாற்றுங்கள். எஃப்.எஸ்.எச். ஊசியோடு ஒரே சிரிஞ்சில் சேர்க்க வேண்டாம். போட்ட இடம் சிவந்து அரித்தால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அது ஒவ்வாமை. உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். முதல் ஊசியை மருத்துவர் கண்ணெதிரே போடச் சொல்வது இதற்காகத்தான். கடுமையான சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்த மருந்து ஆகாது, முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி திங்கட்கிழமை. எட்டுக்குப் பதில் ஒன்பதேகாலுக்குப் போட்டால் இடைவெளி இருபத்தைந்தேகால் மணி நேரம். பிட்யூட்டரி கண்டுகொள்ளாது; அத்தைக்கும் நிம்மதி. மருத்துவமனையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். முட்டைகளை முதிரவைக்கக் கடைசியில் போடும் ட்ரிக்கர் ஊசிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. முட்டை எடுப்பது அதிலிருந்து ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து. சனிக்கிழமை இரவு எட்டுக்கு ட்ரிக்கர் என்றால் திங்கட்கிழமை காலை எட்டுக்கு அரங்கில் படுத்திருக்க வேண்டும். நல்ல ராகு காலம். அத்தையிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.