வாயால் பாடிப் பார்த்துவிட்டு அப்புறம் காப்பி என்று சொல்லுங்கள்

பாலக்கோட்டுப் பையன் ஒருவன் போன வாரம் கிளாசுக்கு வந்தவன், கிட்டாரை உறையிலிருந்துகூட எடுக்காமல் போனை நீட்டினான். “மாஸ்டர், என் பாட்டை ஓசூர் பேண்டு ஒண்ணு அப்படியே சுட்டுட்டாங்க.” தர்மபுரியில் கிட்டார் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, பின்னறையில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் செட்டப்பும் வைத்திருக்கிற எனக்கு இந்த மாதிரிப் பஞ்சாயத்து புதிதில்லை.

கேட்டேன். அதே டிரம்ஸ் அடி, கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற அதே டிஸ்டார்ஷன், இரண்டிலும் ஏ மைனர், எஃப், சி, ஜி. பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுகிற இந்த நாலு கார்டுக்குச் (chord) சொந்தம் கொண்டாடினால் ராக் பாடுகிறவர்களில் பாதிப்பேர் கோர்ட்டில்தான் நிற்க வேண்டும். போனை அணைத்துவிட்டு, இரண்டு மெட்டையும் ஒரே சுருதியில் வாயால் பாடு என்றேன். அவனுடையது மேலே ஏறி நிற்கிறது, அவர்களுடையது முதல் அடியிலேயே இறங்கிவிடுகிறது. இரண்டாம் தடவை பாடும்போதே பையனின் குரல் கம்மிவிட்டது.

லெட் செப்லின் என்ற ராக் குழுவின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ (1971) பாட்டின் தொடக்க கிட்டார், ஸ்பிரிட் குழுவின் 1968 ‘டாரஸ்’ இசையிலிருந்து எடுத்தது என்று 2014-ல் வழக்குப் போட்டார்கள். ஏ, ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், எஃப் என்று அரை அரை ஸ்வரமாக இறங்கும் வரிசை. கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் அது எத்தனையோ தலைமுறை ஏறி இறங்கிய படிக்கட்டு. 2016-ல் ஜூரி காப்பி இல்லை என்றது, 2020-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் கதை வேறு. ‘மை ஸ்வீட் லார்ட்’ பாட்டில் ப-க-ரி என்று ஒரு துண்டு, ப-த-ஸ-த-ஸ என்று இன்னொன்று. மோகனம் பழகுகிற குழந்தைகூடப் பாடிவிடும். தனித்தனியாக இரண்டிலும் புதுமை இல்லை என்று நீதிபதியே சொன்னார். ஆனால் முதல் துண்டை நாலு தடவை பாடி, உடனே அடுத்ததைத் திரும்பத் திரும்பப் பாடுகிற அந்த அடுக்கு 1963-லேயே சிஃபான்ஸ் குழு பாடிய ‘ஹீஸ் சோ ஃபைன்’ பாட்டில் இருந்தது. தெரிந்து எடுக்கவில்லை, ஆழ்மனசிலிருந்து வந்திருக்கிறது, ஆனாலும் காப்பிதான் என்று 1976-ல் தீர்ப்பு.

சிரிக்காதீர்கள், எனக்கும் நடந்தது. ஓசூரிலிருந்து திரும்பும் ராத்திரி பஸ்ஸில் ஒரு மெட்டு தோன்ற, போனில் முனகி வைத்து, ஒரு வாரம் உட்கார்ந்து பேஸ் கிட்டார் வரைக்கும் போட்டுவிட்டேன். சமையலறையிலிருந்து மனைவி, “ஏங்க, இது ஆடிப் பதினெட்டுக்குக் கோயில் மைக்குல போடுற பாட்டுதானே?” என்றாள். அதேதான். ரெண்டு ஸ்வரத்தை மாற்றிப் பார்த்தேன், வாய் மறுபடி பழைய இடத்துக்கே போனது. ஃபைலை அழித்துவிட்டேன்.

“ஏழு செகண்டு வரைக்கும் எடுக்கலாமாமே மாஸ்டர்”, “வரியை மாத்திட்டேனே” என்று வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: அப்படி ஒரு செகண்டுக் கணக்கு நம் சட்டத்தில் கிடையாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் இசை தனி, அதில் பாடும் வரிகள் தனி. உரிமை கிடைக்கப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் சண்டை வந்தால் எது முந்தி என்று காட்ட ஏதாவது வேண்டும். அதனால் போனில் முனகிய முதல் ரெக்கார்டிங்கைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள்.

பாலக்கோட்டுப் பையன் ஓசூர்க்காரர்களைத் திட்டி ஒன்றும் எழுதவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “அவங்க என்ன டிஸ்டார்ஷன் பெடல் வெச்சிருக்காங்கன்னு விசாரிச்சுச் சொல்லுங்க மாஸ்டர்” என்றான்.