பின்னால் வருபவனின் காலடி ஹெட்போனில் எப்படிக் கேட்கிறது?

"ஹெட்போனில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர். எதிரி இடது பக்கமா வலது பக்கமா என்று தெரிவது புரிகிறது. முதுகுக்குப் பின்னால் வருகிறான், மாடியில் நடக்கிறான் என்பதெல்லாம் எப்படி?" துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதில் பாதி வேலையை ஒரு மென்பொருள் லைப்ரரி (கேம் எழுதுபவர்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் தயார் நிரல்) செய்கிறது, மீதியை உங்கள் காது மடல் செய்கிறது.

முதலில் லைப்ரரி. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைப்பதையே தொழிலாக வைத்திருந்த லோகி என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு ஒரு தலைவலி: விண்டோஸில் சத்தத்தைக் கவனித்துக்கொண்ட டைரக்ட்சவுண்ட் லினக்ஸில் கிடையாது. படம் வரைய எல்லா இயங்குதளத்துக்கும் பொதுவாக ஓபன்ஜிஎல் இருந்தது, சத்தத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று சவுண்ட் கார்டு தயாரிக்கும் கிரியேட்டிவ் நிறுவனத்தோடு சேர்ந்து 2000-இல் கொண்டுவந்ததுதான் ஓபன்ஏஎல். 2002-இல் லோகி கடையைக் கட்டிவிட்டது, ஓபன்ஏஎல் பிழைத்துக்கொண்டது. இன்று ஓபன்ஏஎல் சாஃப்ட் என்ற திறந்த மூல வடிவம் விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடுகிறது.

அதன் உலகம் ரொம்பச் சின்னது. கேட்பவர் ஒருவர், ஒலி எழுப்பும் பொருள்கள் பல. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆயத்தொலைவுகள், கேட்பவருக்கு மட்டும் கூடுதலாக மூக்கு எந்தப் பக்கம், உச்சந்தலை எந்தப் பக்கம் என்று இரண்டு அம்புகள். எதிரி நகர நகர டெவலப்பர் புது எண்களைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். தொலைவு இரட்டிப்பானால் ஒலியின் வீச்சு பாதியாகும் என்பது இயல்பான கணக்கு. இரண்டு இடங்களில் புதியவர்கள் வழுக்குவார்கள்: இடது, வலது என்று ஏற்கெனவே பிரித்த ஸ்டீரியோ கோப்பைக் கொடுத்தால் லைப்ரரி அதை எந்தத் திசையிலும் வைக்காது, அப்படியே ஓட்டிவிடும், ஒரே தடம் உள்ள மோனோ கோப்புதான் வேண்டும். அப்புறம், ஆம்புலன்ஸின் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் சைரனின் சுருதி மாறாது. வேகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும், டாப்ளர் விளைவு வராது.

சரி, இப்போது காது. வலப்பக்கச் சத்தம் வலது காதுக்கு முந்தி வரும், கொஞ்சம் பலமாகவும் கேட்கும் என்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே 1907-லேயே விளக்கிவிட்டார். அந்த நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது, சுமார் 0.65 மில்லிவினாடிதான். ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து பதிந்த (ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்) ஒலிக்கோப்பில் இது வெறும் 29 சாம்பிள். ஆனால் வலப்பக்கம் 30 பாகை முன்னால் இருக்கும் சத்தத்துக்கும், அதே பக்கம் 30 பாகை பின்னால் இருக்கும் சத்தத்துக்கும் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஒன்றேதான். வாசகரின் சந்தேகம் சரியாக இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது.

இங்கேதான் காது மடலின் மடிப்புகள் வருகின்றன, எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான். ஒலியின் ஒரு பகுதி நேரே துளைக்குள் போகிறது, இன்னொரு பகுதி மடிப்பில் பட்டுத் திரும்பிச் சற்றுத் தாமதமாக உள்ளே போகிறது. அந்தச் சுற்றுவழி 2 செ.மீ. கூடுதல் என்று வையுங்கள். 4 செ.மீ. அலைநீளம் கொண்ட ஒலிக்கு அது சரியாக அரை அலை, ஆகவே இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர், அதை 0.04 மீட்டரால் வகுத்தால் சுமார் 8,600 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் ஒலியில் ஒரு பள்ளம் விழுகிறது. சத்தம் மேலே ஏறினால் சுற்றுவழியின் நீளம் மாறும், பள்ளமும் இடம் மாறும். பின்னாலிருந்து வந்தால் மடலே மறைத்து உயர் சுருதிகளை மழுக்கிவிடும். இந்தப் பள்ளமும் மழுங்கலும் எங்கே என்று பார்த்துத்தான் மூளை 'மேலே', 'பின்னால்' என்று முடிவு கட்டுகிறது. நாம் பாட்டுக்குக் கம்மல் மாட்டும் உறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

பள்ளம் எங்கே விழும் என்று தெரிந்தால் அதைச் செயற்கையாகவும் போடலாம் அல்லவா. 1994-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கெமார் என்ற பொம்மைத் தலையின் காதுகளுக்குள் மைக் வைத்து, 1.4 மீட்டர் தள்ளி ஸ்பீக்கரை வைத்து, 710 திசைகளிலிருந்து ஒலி எழுப்பி அளந்து, மொத்தத் தரவையும் இலவசமாக வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட அளவீடுகளை வைத்துத்தான் லைப்ரரி ஒவ்வொரு காலடிச் சத்தத்தையும் இரண்டு காதுக்கும் தனித்தனியாக வடிகட்டித் தருகிறது. கேம் அமைப்புகளில் ஹெச்ஆர்டிஎஃப் என்று இருப்பது இதுதான். பொதுப் பணத்தில் அளந்ததைப் பூட்டி வைக்கும் ஆய்வுக்கூடங்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். முப்பது வருடம் கழித்தும் அந்தத் தரவு உழைக்கிறது.

ஒரே சிக்கல், உங்கள் காது கெமாரின் காது இல்லை. 1998-இல் நெதர்லாந்தில் ஆய்வாளர்கள், சிலரின் காது மடலின் வடிவம் மாறும்படி உள்ளே அச்சு பொருத்திப் பார்த்தார்கள். உயரத்தைக் கணிக்கும் திறன் உடனே குழம்பிப்போனது, சில வாரங்களில் மூளை புதுக் காதைக் கற்றுக்கொண்டது, அச்சைக் கழற்றியதும் பழைய காதும் உடனே வேலை செய்தது. அதனால் முதல் நாள் கேட்டுவிட்டு 'இது எனக்குச் சரிப்படவில்லை' என்று அணைத்துவிடாதீர்கள்.

முன்னாலா பின்னாலா என்று குழப்பம் வந்தால் மவுஸை லேசாக வலப்பக்கம் திருப்புங்கள். சத்தம் இடப்பக்கம் நகர்ந்தால் எதிரி முன்னால், வலப்பக்கம் நகர்ந்தால் பின்னால். '8டி பாட்டு (தலையைச் சுற்றி வருவதுபோல் கேட்கும் பாட்டு) கேட்டால் மூளை கூர்மையாகும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம், அது இதே வடிகட்டல் வித்தையோ அல்லது வெறும் இடது-வலது விளையாட்டோதான். ஹெட்போன் பெட்டியில் 7.1 (சுற்றிலும் எட்டு ஸ்பீக்கர் வைத்த ஒலி) என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான். கேமில் ஹெச்ஆர்டிஎஃப் போட்டிருக்கும்போது அந்த 7.1-ஐ அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே வடிகட்டிய ஒலியை அது இன்னொரு முறை வடிகட்டி, பள்ளங்களை எல்லாம் குழப்பிவிடும்.