கையெழுத்துக்கு முன்னால் குதிகாலைப் பாருங்கள்

சுவரில் விரல் நுனிகளை மட்டும் ஊன்றிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும், மறுபடி தூக்க வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கான பிசியோதெரபியில் இதைவிட எளிய சோதனை கிடையாது. இதைப்போல உண்மை பேசும் சோதனையும் அதிகம் இல்லை. சென்ற ஆண்டு என்னிடம் வந்த 33 வயதுக் கூடைப்பந்து வீரர் வலது காலில் 25 முறை தூக்கினார். கெண்டைச் சதையைக் குதிகாலோடு இணைக்கும் அகில்லிஸ் தசைநாண் அறுந்து, தைத்து ஏழு மாதம் ஆகியிருந்த இடது காலில் ஒன்பதாவது முறையிலேயே முழங்கால் மடங்கத் தொடங்கியது. அந்த ஒன்பதிலும் குதிகால் வலது காலைவிட இரண்டு விரற்கடை தாழ்வாகவே எழும்பியது. முழங்காலுக்குக் கீழே டேப்பைச் சுற்றி அளந்தேன். கெண்டைச் சதை மூன்று சென்டிமீட்டர் இளைத்திருந்தது.

அழைத்து வந்த கிளப் செயலாளர் கேட்டது ஒரே கேள்வி: "டாக்டர், மார்ச் மாதம் களத்தில் இறங்கிவிடுவாரா?"

இறங்கிவிடுவார் என்றேன். ஆனால் அந்த வீரருடன் அவர்கள் மூன்று ஆண்டு ஒப்பந்தம் போடவிருந்தார்கள். கிளப்பின் ஆண்டுச் சம்பளத் தொகையில் பெரும்பங்கு அவருக்கே போகவிருந்தது. அப்படியானால் கேட்க வேண்டியது மார்ச் மாதத்தைப் பற்றியா, மூன்றாவது ஆண்டைப் பற்றியா? இதே தவறு அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் பெரிய அணிகளிலும் நடந்திருக்கிறது. அங்கே கணக்கு எல்லாம் பொதுவில் இருப்பதால் நாம் உட்கார்ந்து படிக்க முடிகிறது.

2013 ஏப்ரல் 12 அன்று லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் நட்சத்திரம் கோபி பிரையன்டுக்கு இடது அகில்லிஸ் அறுந்தது. வயது 34. அறுந்த காலோடு தனக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் (தடுப்பாரின்றி எறியும் வாய்ப்புகள்) கூடைக்குள் போட்டுவிட்டு, நடந்தே வெளியேறினார். அந்த நெஞ்சுரத்தை இன்று நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று, காயத்துக்குப் பிறகு அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியிராத நிலையில், லேக்கர்ஸ் அணி இரண்டு ஆண்டுகளுக்கு 4.85 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. டிசம்பரில் திரும்பி வந்தார். ஆறாவது ஆட்டத்தில் அதே இடது காலின் முழங்கால் எலும்பில் முறிவு. முந்தைய காயம்தான் இதற்குக் காரணம் என்று தூரத்திலிருந்து சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கெண்டைச் சதை முழுதாகத் தேறாத காலில் முழங்காலைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

புதிய ஒப்பந்தம் தொடங்கிய 2014-15 சீசனில் என்பிஏ சம்பள வரம்பு, அதாவது ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும், சில விலக்குகளோடு மட்டுமே தாண்டக்கூடிய எல்லை, ஏறத்தாழ 6.3 கோடி டாலர். பிரையன்டின் சம்பளம் 2.35 கோடி. வரம்பில் 37 சதவீதம் ஒருவருக்கே. அந்த இரண்டு சீசன்களின் 164 ஆட்டங்களில் அவர் ஆடியது 101. லேக்கர்ஸ் வென்றது முதலில் 21 ஆட்டங்கள், அடுத்து 17. கடைசி ஆட்டத்தில் அவர் அடித்த 60 புள்ளிகளை யாரும் மறக்கப்போவதில்லை. நானும் கண் கலங்கினேன். அவரை வேறு அணிக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஐந்து பட்டங்கள் வென்று தந்தவரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஓர் அணி விரும்பலாம். கையெழுத்தை ஓரிரு மாதம் தள்ளிப்போட்டிருந்தால், என்ன விலைக்கு எதை வாங்குகிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

அதே 2013 கோடையில் பாஸ்டன் செல்டிக்ஸ் வேறு பாதையில் போனது. 35 வயது பால் பியர்ஸ் 15 சீசன்களாக அந்த அணிக்கு மட்டுமே ஆடியவர். கெவின் கார்னெட்டுக்கு 37 வயது. 2008-ல் பட்டம் வாங்கித் தந்த இருவரையும் புரூக்ளின் நெட்ஸுக்கு மாற்றினார்கள். கார்னெட்டின் ஒப்பந்தத்தில், அவர் சம்மதிக்காமல் மாற்ற முடியாது என்ற விதி இருந்தது. அவரிடம் பேசி, சம்மதம் பெற்றே மாற்றினார்கள். பதிலுக்கு 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளும் (புதிய இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை), 2017-ல் அந்த வரிசையில் நெட்ஸோடு இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையும் கிடைத்தன. முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 18.6 புள்ளிகள் எடுத்த பியர்ஸ், புரூக்ளினில் 13.5 எடுத்தார். கார்னெட் 14.8-லிருந்து 6.5-க்கு இறங்கினார். நெட்ஸ் உரிமையாளர் அந்த ஒரு சீசனுக்கு, சம்பளம் எல்லை மீறியதற்கு லீக் விதிக்கும் ஆடம்பர வரியாக மட்டும் 9 கோடி டாலருக்கு மேல் கட்டினார். அணி பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்களில் இரண்டாவது சுற்றோடு வெளியேறியது. செல்டிக்ஸுக்கோ 2016 உரிமையில் ஜெய்லன் பிரவுன் வந்தார். 2017-ல் கிடைத்த முதல் இடத்தை ஃபிலடெல்ஃபியா அணியோடு மாற்றிக்கொண்டு, மூன்றாவது இடத்தில் ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். 2024-ல் பட்டம் வென்ற அணிக்கு இந்த இருவருமே தூண்கள்.

பியர்ஸை நன்றி இல்லாமல் துரத்திவிட்டார்கள் என்று அன்று கொதித்த ரசிகர்கள் உண்டு. 2018-ல் அவருடைய 34-ஆம் எண் ஜெர்சியை அதே பாஸ்டன் அரங்கின் கூரையில் ஏற்றினார்கள். நன்றியைச் செலுத்த வேறு வழிகளும் இருக்கின்றன.

வயதானவரை மாற்றிவிட்டால் லாபம்தான் என்று இதை வைத்து யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அட்லாண்டா ஹாக்ஸ் அணியின் நட்சத்திரம் டொமினிக் வில்கின்ஸுக்கு 1992 ஜனவரியில், 32 வயதில் அகில்லிஸ் அறுந்தது. அடுத்த சீசனில் அவர் ஆட்டத்துக்கு 29.9 புள்ளிகள் எடுத்தார். அப்படித் திரும்பி வருபவர்கள் மிகச் சிலர்; அவர் அந்தச் சிலரில் ஒருவர். 1994 பிப்ரவரியில் அட்லாண்டா ஹாக்ஸ் கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் இருந்தது. வில்கின்ஸின் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடியவிருந்தது. வயது 34 என்பதால் அவரை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, இளையவரான டேனி மேனிங்கை வாங்கினார்கள். மேனிங்கின் ஒப்பந்தமும் அதே கோடையில்தான் முடிந்தது! ஹாக்ஸ் பிளேஆஃபின் இரண்டாவது சுற்றில் தோற்றது, மேனிங் ஃபீனிக்ஸ் அணிக்குப் போய்விட்டார், அட்லாண்டாவின் கை வெறுங்கை. பிறந்த தேதியைப் பார்த்தார்கள். எதிரே நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலைப் பார்க்கவில்லை, வாங்கும் வீரரின் ஒப்பந்தத் தேதியையும் பார்க்கவில்லை.

இன்றைய விதிகளில் தவறுக்கான தண்டனை இன்னும் கடுமை. பத்து சீசன் ஆடியவருக்குச் சம்பள வரம்பில் 35 சதவீதம்வரை முதல் ஆண்டுச் சம்பளமாகத் தரலாம். சொந்த அணியிடம் ஆண்டுக்கு 8 சதவீதம்வரை உயர்வும் பெறலாம். 35 வயதுக்கு மேல் எந்த உடலும் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுவதை நான் கண்டதில்லை. மறுபக்கம், 2023-ல் வந்த ஒப்பந்த விதிகள் இரண்டாவது ஏப்ரன் என்ற உச்ச எல்லையை, சம்பள வரம்புக்கு மேலே, அணியின் மொத்தச் சம்பளத்துக்கு வைத்தன. 2025-26 சீசனுக்கு அது ஏறத்தாழ 20.8 கோடி டாலர். அதைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. வீரர்களை மாற்றிக்கொள்ளும்போது, அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாகத் திரும்ப ஏற்கவும் முடியாது. ஆகவே 5 கோடி டாலர் வாங்கும் மூத்த நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளக்கூடிய அணிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன. உடல் தளர்வதற்கு முன்பே சந்தை மூடிவிடுகிறது. நிர்வாகிகள் பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

கதவு மூடிய பிறகு என்ன ஆகும் என்பதை 2025 காட்டியது. ஏப்ரல் இறுதியில், 34 வயதில், டேமியன் லில்லர்டுக்கு அகில்லிஸ் அறுந்தது. அவருடைய அணியான மில்வாக்கி பக்ஸ் அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 11.3 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. மைல்ஸ் டர்னர் என்ற வீரரைச் சேர்க்கச் சம்பள வரம்பில் இடம் தேவைப்பட்டதால் லில்லர்டை விடுவித்து, அந்தத் தொகையை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பினார்கள். அணியில் இல்லாத ஒருவருக்காக ஆண்டுதோறும் சுமார் 2.25 கோடி டாலர் வரம்பிலிருந்து கழிகிறது.

எனவே என்னிடம் வரும் நிர்வாகிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். சென்ற சீசன் புள்ளிப் பட்டியலை என் மேஜையில் வைக்காதீர்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை ஆட்டம் தவறவிட்டார், அடுத்தடுத்த நாள்களில் ஆடினாரா, எந்தக் காலில் தாவுகிறார் என்று சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் அவருடைய சம்பளம் மொத்தத் தொகையில் எத்தனை சதவீதம் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பிறகு அந்த வீரரையும் உட்காரவைத்துப் பேசுவோம். தன் உடலைப் பற்றிய முடிவு தனக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டதே பெரிய வலி என்று சொன்ன வீரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் சொன்ன அந்த வீரரிடம் அளவுகளை எழுதிய தாளைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்பது என்பதை அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா, சார்?" என்று கேட்டார். உங்கள் அனுமதி இல்லாமல் சொல்ல மாட்டேன் என்றேன். மறுநாள் அவரே செயலாளரை அழைத்து வந்து, அவர் கண் முன்னாலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு தூக்கிக் காட்டினார். ஒரு ஆண்டு ஒப்பந்தம், அதன் பிறகு மறுபடி அளந்து பார்த்து இரண்டாவது ஆண்டு என்று பேசி முடித்தார்கள். போன வாரம் அளந்தபோது இடது காலில் பதினேழு.