மனசு சரியில்லையா? முதல் வாசல் கிளினிக் கெசிஹாத்தான்தான்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யாராவது தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தால் போதும், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று கேலி பிறந்துவிடும். 1911-இல் தொடங்கிய உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் தஞ்சோங் ரம்புத்தான். நமக்குப் பக்கம் வேறு. விடுமுறைக்குத் தோட்டத்து வீட்டுக்கு வந்த போலிடெக்னிக் பிள்ளை சோறு இறங்காமல், தூக்கமில்லாமல் கிடந்தும் வாய் திறக்காததற்குப் பாதிக் காரணம் இந்தக் கேலிதான்.

சிகிச்சை பெரும்பாலும் அங்கே தொடங்குவதில்லை. கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசாங்க சுகாதார கிளினிக்கில் தொடங்குகிறது. காய்ச்சலுக்குப் போவதுபோல ஐசியை (அடையாள அட்டையை) கொடுத்து நம்பர் எடுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். கவுண்டரில் கதை சொல்ல வேண்டாம், "தூக்கம் வரல" என்றாலே போதும். உள்ளே கேள்வித்தாள் ஒன்று தரலாம்: கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் சோர்வு, எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லை என்கிற மாதிரி. இது பரீட்சை இல்லை. நல்ல பிள்ளையாக மழுப்பி எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

மனநல நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த டாக்டரே கடிதம் எழுதுவார். அரசாங்க கிளினிக் கடிதத்தோடு போனால் மருத்துவமனையில் முதல் தடவை இலவசம், பிறகு தடவைக்கு 5 ரிங்கிட். தனியார் கிளினிக் கடிதமென்றால் முதல் தடவைக்கே 30. அரசாங்க கிளினிக் கடிதம் பத்திரமாக வைக்க வேண்டிய காகிதம்.

18 வயது நிறைந்தவர் தனியாகவே போகலாம், அப்பா கையெழுத்து வேண்டாம். அதற்குக் கீழே என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ வர வேண்டும்.

பலருக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு: சாகத் தோன்றுகிறது என்று சொன்னால் போலீஸ் வருமோ? பயத்துக்குக் காரணம் இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்து, ஓராண்டு வரை சிறை என்றது. அந்தப் பிரிவை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. டாக்டரிடம் மறைக்க இனி அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

இன்னொரு பயம், கிளினிக்குப் போனாலே ஓக்கேயூ (மாற்றுத்திறனாளி) கார்டு போட்டுவிடுவார்கள் என்பது. அப்படி இல்லை. அந்தப் பதிவு நாமே விரும்பி ஜேகேஎம் எனும் சமூக நலத்துறையில் விண்ணப்பிப்பது. மனநலப் பிரிவுக்கு நிபுணரின் சான்றும் வேண்டும்.

அரசாங்கத்தின் சுகாதாரக் கணக்கெடுப்பில் மனச்சோர்வு உள்ள பெரியவர்கள் 2019-இல் 2.3 விழுக்காடு, 2023-இல் 4.6. அம்மாவுக்கும் இருக்கலாம். 40 வயதாகி அரசாங்கத்தின் எஸ்டிஆர் பண உதவி பெறுபவருக்கும் அவர் துணைக்கும், குறைந்த வருமானத்தாருக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தின் இலவசப் பரிசோதனையில் மனநலக் கேள்விகளும் உண்டு. பிள்ளை அம்மாவைக் கூட்டிப்போகிற சாக்கில் தானும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் லயத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?

கல்லூரி கவுன்சிலரிடம் போவதானால், 1998 கவுன்சிலர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள்; கேட்டதை ரகசியமாக வைக்க அவர் கடமைப்பட்டவர். நடு ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே 15999, அல்லது மனம்விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் தன்னார்வலர்களின் 03-76272929, இரண்டும் 24 மணி நேரமும். தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று கேட்டுப் பார்க்கலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555.