வலிப்பை நிறுத்துவது சாவியா, மூளையா?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தார். பக்கத்துக் கடைக்காரர் இரும்புச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றுவிட்டது. கண்ணால் பார்த்தேன். இரும்புக்கு அப்படி ஒரு சக்தி உண்டா?"

அவர் பார்த்தது உண்மைதான். சாவியைக் கொடுத்தார்கள், வலிப்பு நின்றது. சாவி கொடுக்காமல் இருந்திருந்தாலும் அதே நேரத்தில்தான் நின்றிருக்கும். பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே அடங்கிவிடும். ஒருவர் விழுந்து, கூட்டம் கூடி, யாரோ "சாவி, சாவி" என்று கத்தி, அதைத் தேடி எடுத்துவந்து, இறுகிய விரல்களைப் பிரித்துத் திணிப்பதற்குள் வலிப்பு முடியும் கட்டத்துக்கு வந்திருக்கும். பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. நிறுத்தியது மூளை. அது தன்னைத்தானே எப்படி அடக்கிக்கொள்கிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் சாவியைத் தேடத் தோன்றாது.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஓய்வில் ஒவ்வொன்றின் உட்புறமும் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்வாக இருக்கும். சோடியம் உள்ளே பாய்ந்தால் துடிப்பு கிளம்பும். பொட்டாசியம் வெளியேறினால் அடங்கும். துடிப்பு நுனியை அடைந்ததும் ஒரு வேதிப்பொருள் கசியும். குளுட்டமேட் கசிந்தால் அடுத்த நரம்பணு தூண்டப்படும், காபா கசிந்தால் அமைதியாகும். இந்த இரண்டின் சமநிலை குலையும்போது பிறப்பதே வலிப்பு.

எங்கே குலைகிறது என்பதைப் பொறுத்து வலிப்பின் முகம் மாறும். பின்தலையில், பார்வையைக் கையாளும் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) தொடங்கினால் கண்முன் வண்ண வட்டங்கள் மிதக்கும். கண்ணில் ஒரு கோளாறும் இருக்காது. காதோரப் பகுதியில் தொடங்கினால் முதல் தடவை போகிற ஊர்கூட முன்பே வந்த ஊர் போலத் தோன்றும், காரணமில்லாத பயம் வரும், இல்லாத நாற்றம் வீசும். மூளையின் நடுவிலிருக்கும் தலாமஸும் புறணியும் சேர்ந்து ஒரே தாளத்தில் சிக்கிக்கொண்டால், வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பத்து நொடி வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் அது விநாடிக்கு மூன்று கூர்முனை அலைகளாகத் தெரியும், 1935-லேயே கண்டறிந்துவிட்டார்கள். ஆனால் இன்றும் பல பள்ளிகளில் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது கவனமில்லை என்ற திட்டு.

நினைவு எங்கே உருவாகிறது என்று நமக்குச் சொன்னவரும் ஒரு வலிப்பு நோயாளிதான். 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞரின் வலிப்பை நிறுத்த, இருபுறமும் காதோரப் பகுதிக்குள் இருக்கும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் சந்தித்த யாரையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை, 2008-ல் இறக்கும்வரை.

பெரிய வலிப்பில் உணர்வு ஏன் தப்புகிறது? நரம்பணுக்கள் முன்னெப்போதையும்விட மும்முரமாக வேலை செய்கின்றன, ஆள் மட்டும் இல்லை. மேட்டூர் தண்ணீரை முறை வைத்து விடும் டெல்டாவில் இதைச் சொன்னால் உடனே புரியும். எந்த வாய்க்காலுக்கு எப்போது, எவ்வளவு என்ற முறைதான் பாசனம். எல்லா மதகையும் ஒரே நேரத்தில் தூக்கிவிட்டால் அது வெள்ளம். பார்ப்பதும் நினைப்பதும் விழித்திருப்பதும் வெவ்வேறு கூட்டங்கள் வெவ்வேறு நேரத்தில் துடிப்பதால் நடப்பவை. அத்தனையும் ஒன்றாகத் துடித்தால் அங்கே செய்தி எதுவும் மிஞ்சாது.

இனி, நிற்கும் விதம்.

முதல் தடை ஒவ்வொரு நரம்பணுவுக்குள்ளேயே இருக்கிறது. துடிக்கத் துடிக்கக் கால்சியமும் சோடியமும் உள்ளே சேர்கின்றன. இந்தச் சேர்க்கையே சில பொட்டாசிய வாயில்களைத் திறக்கும். பொட்டாசியம் வெளியேற, உட்புறம் இன்னும் தாழ்ந்து, அடுத்த துடிப்பு கடினமாகும். சேர்ந்த சோடியத்தை வெளியேற்றும் பம்ப்பும் வேகமெடுக்கிறது. அது ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தைத்தான் உள்ளே எடுக்கும். சுற்றுக்கு ஒரு நேர்மின்னூட்டம் வெளியே போவதால், பம்ப் எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவுக்கு நரம்பணு அடங்கும்.

இரண்டாவது தடை எரிபொருளிலிருந்து வருகிறது. பம்ப் ஓட ஏ.டி.பி. வேண்டும். அந்த எரிபொருளின் பாஸ்பேட்டுகள் மூன்றும் கழன்றபின் எஞ்சுவது அடினோசின். வலிப்பின்போது இது நரம்பணுக்களுக்கு வெளியே குவிகிறது, குவிந்து சும்மா இருப்பதில்லை. அனுப்பும் நுனியில் உள்ள ஏ1 என்ற ஏற்பியில் (வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடத்தில்) ஒட்டி, கால்சியம் நுழைவதைக் குறைக்கிறது. அதனால் குளுட்டமேட் கசிவது குறையும். வாங்கும் நரம்பணுவில் உள்ள அதே வகை ஏற்பியில் ஒட்டிப் பொட்டாசிய வாயிலைத் திறக்கிறது. அதனால் வந்து சேரும் கொஞ்சக் குளுட்டமேட்டுக்கும் அது எழுவதில்லை. பேசுபவரின் வாயும் கேட்பவரின் காதும் ஒரே பொருளால் ஒரே நேரத்தில் அடைபடுகின்றன. எரிபொருள் எவ்வளவு வேகமாகச் செலவாகிறதோ அவ்வளவு அடினோசின் சேரும். வலிப்பின் கடுமையே தன் தடையைத் தயாரிக்கிறது. உயிரியலில் இதைவிடச் சுருக்கமான ஏற்பாடு ஒன்றைக் காண்பது அரிது.

இது வெறும் ஊகமல்ல. 1992-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அறுவைக்குக் காத்திருந்த நோயாளிகளின் ஹிப்போகேம்பஸிலிருந்து நுண்குழாய் வழியே திரவம் எடுத்து அளந்தார்கள். வலிப்பின்போது அடினோசின் பல மடங்கு ஏறியது, நின்றபின்னும் இறங்காமல் இருந்தது. வலிப்பு முடிந்தவர் அடித்துப்போட்டது போலத் தூங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தியில் நமக்கு வரும் சோர்வுக்குப் பின்னாலும் அடினோசின் உண்டு. கும்பகோணம் டிகிரி காபி அதைப் போக்குவது, காஃபீன் அடினோசினின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்வதால்தான். ஒரு டம்ளர் காபியால் வலிப்பு வராது. ஆனால் காஃபீனின் நெருங்கிய உறவான தியோஃபிலின் என்ற ஆஸ்துமா மருந்து அளவு மீறினால் வரும் வலிப்பு எளிதில் அடங்காது. தடை போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்றாவது தடை உடலிலிருந்து வருகிறது. தசைகள் லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. மூச்சு சீராக இல்லாததால் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது. ரத்தத்தின் பி.எச். வழக்கமான 7.4-லிருந்து 7.2-க்கும் கீழே இறங்கக்கூடும், அதாவது அமிலம் கூடும். குளுட்டமேட்டின் முக்கிய ஏற்பி ஒன்று அமிலம் கூடினால் மந்தமாகிவிடும்.

இத்தனை தடைகளும் தோற்கும் சமயம் உண்டு. வலிப்பு நீளநீள, காபாவின் ஏற்பிகளை நரம்பணு தன் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. வலிப்பை நிறுத்தக் கொடுக்கும் மிடசோலம், லோரசிபாம் போன்ற மருந்துகள் அந்த ஏற்பியில்தான் வேலை செய்ய வேண்டும். ஆகவே தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் மருந்தின் வலு குறைகிறது. மருத்துவர்கள் ஐந்து நிமிடம் என்று எல்லை வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். முதல் வலிப்பு, நினைவு திரும்பாமலேயே அடுத்த வலிப்பு, கர்ப்பிணி, தண்ணீரில் விழுந்தவர், தலையில் அடிபட்டவர், சர்க்கரை நோயாளி என்றால் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அதுவரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விழுந்தவுடன் மணி பாருங்கள். அரிவாள், மண்வெட்டி, கல் எது அருகில் இருந்தாலும் நகர்த்துங்கள். தலைக்குக் கீழே துண்டை மடித்து வையுங்கள். துடிப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் எச்சிலும் வாந்தியும் வெளியே வடியும், மூச்சுக்குழலுக்குள் போகாது. கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள்; தோள்மூட்டு நழுவும். பல்லுக்கிடையில் கரண்டி வைத்தால் பல் உடைந்து தொண்டைக்குள் போகும். முழு நினைவு வருவதற்குமுன் சோடாவோ தண்ணீரோ புகட்டினால் நுரையீரலுக்குள் இறங்கும். சாவியும் அப்பாவிப் பொருளல்ல. இறுகிய உள்ளங்கையை அதன் பற்கள் கிழிக்கும். அதைவிட, சாவி தேடி ஓடுகிறவர்கள் ஆளை ஒருக்களிக்க மறந்துவிடுவதுதான் பெரிய கேடு.

கோயிலுக்கு வேண்டிக்கொள்ளட்டும், கயிறு கட்டட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது. அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வருவதற்கு விட்டுப்போன மாத்திரையே மிக முக்கியமான காரணம். பீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மாத்திரை 1912-லிருந்து இருக்கிறது, விலையும் மலிவு. முறையாக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிப்பைத் திருமணத்தை ரத்து செய்வதற்கான காரணமாக வைத்திருந்த சட்டத்தை 1999-லேயே திருத்திவிட்டார்கள். ஆனாலும் நம் ஊர்களில் வரன் பார்க்கும்போது மாத்திரையை ஒளித்துவைக்கிறார்கள், பிறகு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் ஒரு இ.இ.ஜி. கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். அதற்கு ஒதுக்கும் பணம் வீண் செலவாகாது.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. வலிப்பு உள்ளவர் ஆற்றிலோ குளத்திலோ பம்புசெட் தொட்டியிலோ தனியாகக் குளிக்கக் கூடாது. முழங்கால் தண்ணீரும் மூழ்கப் போதும். நாடாப்புழுவின் முட்டை, மனிதக் கழிவு கலந்த தண்ணீரும் காய்கறியும் வழியாக உள்ளே போய், மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பைக் கொடுக்கும். சுத்த சைவர்களுக்கும் வரும். பச்சையாகத் தின்னும் வெள்ளரியையும் கொத்தமல்லியையும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள், மருத்துவரிடம் காட்ட மட்டும். எந்தக் கை முதலில் துடித்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது என்று அவர் அதில் பார்ப்பார். வலது கையில் தொடங்கியிருந்தால் அவர் இடது மூளையில் தேடத் தொடங்குவார்.