பேட்டரியும் குளிரும்

அதிகாலை இரண்டரை மணி. உத்தராகண்டில் சாங்க்ரி என்ற ஊரிலிருந்து ஏறத் தொடங்கி, கேதார்காந்தா மலையின் கடைசி முகாமுக்கு வந்திருந்தோம். உச்சி 12,500 அடி. சூரியன் உதிக்கும்போது மேலே நிற்க வேண்டுமானால் இருட்டிலேயே கிளம்பியாக வேண்டும். இரவெல்லாம் கூடாரத்தின் ஓரத்தில், பையின் பக்கவாட்டு உறையில் கிடந்த ஹெட்லைட்டை எடுத்து நெற்றியில் மாட்டி அழுத்தினேன். ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்துபோனது. டேராடூனில் வாங்கிப் போட்ட புத்தம்புது செல்கள். கடைக்காரர் பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டார் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

வழிகாட்டியாக வந்த உள்ளூர்ப் பையன் எதுவும் பேசவில்லை. மூன்று செல்களையும் கழற்றினான். ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். கால் மணி நேரம் கழித்து வந்து திரும்பப் போட்டான். பளிச்சென்று எரிந்தது. கடைக்காரர் மேல் குற்றமில்லை.

எனக்குச் சட்டென்று தாத்தா ஞாபகம். அவரிடம் மூன்று கட்டை டார்ச் ஒன்று இருந்தது. ராத்திரி வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது அதுதான் துணை. வெளிச்சம் மங்கினால் கட்டைகளை உருவி, மறுநாள் ஓட்டின்மேல் வெயிலில் காயவைப்பார். "சார்ஜ் ஏறும்டா" என்பார். சார்ஜ் ஏறாது. ஆனால் அன்றிரவு டார்ச் கொஞ்சம் கூடுதலாக எரிந்ததென்னவோ உண்மை. ஓட்டு வெயிலும் அந்தப் பையனின் அக்குளும் ஒரே வேலையைத்தான் செய்தன.

பழைய கட்டையை உடைத்துக் கரிக்குச்சி எடுத்துச் சுவரில் கிறுக்கியவர்களுக்கு அதன் உள்ளமைப்பு தெரிந்திருக்கும். தகரம்போல இருக்கும் குப்பி துத்தநாகம். நடுவில் கரிக்குச்சி, அதைச் சுற்றிக் கறுப்புப் பொடியாக மாங்கனீசு டைஆக்சைடு. இரண்டுக்கும் இடையே ஓர் ஈரப்பசை. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தூவுவாரே நவச்சாரம், அது கரைந்த பசை. 1866இல் பிரான்சின் லெக்லான்சே கண்ணாடி ஜாடியில் செய்த மின்கலத்தின் வாரிசு இது. துத்தநாகம் எலெக்ட்ரான்களை வெளிவிடும். அவை பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு மாங்கனீசிடம் வந்துசேரும். அந்தக் கணக்கை நேர்செய்ய உள்ளே அயனிகள், அதாவது மின்னூட்டம் ஏறிய துகள்கள், பசைக்குள் நீந்தியாக வேண்டும். உள்ளே நீச்சல் தாமதமானால் வெளியே ஓட்டமும் தாமதமாகும். இன்றைய ஆல்கலைன் செல்லில் நவச்சாரத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் இருக்கிறது. மற்றபடி கதை அதேதான்.

இப்போது குளிருக்கு வருவோம். மார்கழி மாதத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் நிறைய எண்ணெய் இருக்கும், கவிழ்த்தால் ஒரு சொட்டு வராது. குளிர்ந்த செல்லும் கிட்டத்தட்ட அப்படித்தான். கிட்டத்தட்ட என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆல்கலைன் செல்லின் அடர்ந்த கரைசல் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில்கூடக் கட்டியாக உறைந்துவிடாது. பிசுபிசுப்பு மட்டும் கூடும், அயனிகள் சேற்றில் நடப்பதுபோல நடக்கும். கூடவே, துத்தநாகத்தின் மேற்பரப்பில் நடக்க வேண்டிய வேதிவினையும் சோம்பல்படும். வெப்பநிலைக்கும் வினையின் வேகத்துக்கும் உள்ள தொடர்பை 1889இல் ஸ்வீடனின் அர்ரீனியஸ் சமன்பாடாக எழுதினார். வகுப்பில் அதைத் தோராயமாகச் சொல்லித்தருவார்கள்: பத்து டிகிரி குறைந்தால் வேகம் பாதியாகும். 20 டிகிரி அறையிலிருந்து மைனஸ் 10 டிகிரி முகாமுக்குப் போனால் பாதியில் பாதியில் பாதி. செல் அப்படியே எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை, போகிற திசை அது.

இதையெல்லாம் சேர்த்து ஒரே எண்ணில் சொல்ல வேண்டுமென்றால் அதுதான் உள்மின்தடை, அதாவது மின்னோட்டத்துக்குச் செல்லே உள்ளே போடும் முட்டுக்கட்டை. ஒரு புது ஆல்கலைன் பென்சில் செல்லின் உள்மின்தடை 40 டிகிரி வெயிலில் சுமார் 0.1 ஓம். மைனஸ் 40இல் அது சுமார் 0.9 ஓம். அரை ஆம்பியர் இழுக்கிற டார்ச்சைக் கணக்கில் எடுப்போம். வெயிலில் செல்லின் 1.5 வோல்ட்டில் 0.05 வோல்ட்தான் உள்ளேயே வீணாகும். கடுங்குளிரில் 0.45 வோல்ட் வீணாகும். மூன்று செல் சேர்ந்து தரவேண்டிய 4.5 வோல்ட் 3.15 ஆகிவிடும். வெள்ளை எல்இடி எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். புது செல்லே இப்படி வாசலில் நின்று தடுமாறுகிறது என்றால் பாதி தீர்ந்த செல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குளிர்ந்த செல்லை வெளியே எடுத்து மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 1.5க்குப் பக்கத்தில் காட்டும். மீட்டர் மின்னோட்டமே இழுப்பதில்லை, அதனால் உள்மின்தடை அதன் கண்ணுக்குத் தெரியாது. செல் நன்றாக இருக்கிறது, டார்ச்தான் கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது இதனால்தான்.

பழைய குண்டு பல்பு டார்ச் மஞ்சளாகி, சிவப்பாகி, நாம் வீடு வந்துசேரும்வரை ஏதோ காட்டிக்கொண்டிருக்கும். எல்இடி டார்ச்சுகள் பலவற்றில் வெளிச்சத்தை ஒரே அளவாக வைத்திருக்க ஒரு மின்சுற்று உண்டு. வோல்ட் இறங்கினால் அது ஈடுகட்ட மின்னோட்டத்தை அதிகமாக இழுக்கும். அதிகம் இழுத்தால் உள்ளே இழப்பு கூடும், வோல்ட் இன்னும் இறங்கும். அப்புறம் ஒரே அடியாக அணையும். இத்தனைக்கும் எல்இடிக்குக் குளிர் பிடிக்கும், குளிரில் அது இன்னும் திறமையாக ஒளிரும். சோறு போடுகிறவருக்குத்தான் கை விறைத்துவிடுகிறது.

குளிருக்கு என்றே செல் வாங்குவதானால் ரீசார்ஜ் ஆகாத 1.5 வோல்ட் லித்தியம் பென்சில் செல்லைத்தான் சொல்வேன். இதன் கரைசலில் தண்ணீரே கிடையாது, கரிமக் கரைப்பான்தான். அதனால் மைனஸ் 40 வரை வேலை செய்யும். ஆல்கலைனுக்குச் சொல்லப்படும் எல்லை மைனஸ் 18 அல்லது 20தான், அங்கேயும் அதிகம் இழுக்கிற டார்ச்சுக்குப் பாதிக் கொள்ளளவைக்கூட எதிர்பார்க்க முடியாது. லித்தியம் செல்லின் எடையும் குறைவு, ஆல்கலைன் 23 கிராம் என்றால் இது 15 கிராம். விலைதான் இடிக்கும். புது லித்தியம் செல் 1.8 வோல்ட் வரை காட்டும் என்பதால் சில ஹெட்லைட்டுகளில் போடக்கூடாது, கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்கள் 1.2 வோல்ட்தான் என்றாலும் உள்மின்தடை குறைவு. மிதமான குளிரில் ஆல்கலைனைவிட அவை மேல்.

யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் லித்தியம் அயனி ஹெட்லைட் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே அதை எரிக்கலாம், சார்ஜ் போடக் கூடாது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் செல்லுக்குள் இருக்கும் கிராஃபைட் என்ற கரிமுனைக்குள் நுழைய வேண்டும், குளிரில் அதற்கு நேரமெடுக்கும். நாம் சார்ஜரைச் சொருகி அவசரப்படுத்தினால் உள்ளே போக முடியாமல் மேற்பரப்பிலேயே உலோக லித்தியமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் அக்குளில் வைத்தாலும் திரும்பாது.

சந்திரயான்-3க்கு இதே பிரச்சினை பெரிய அளவில் வந்தது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த பயணம் அது. 2023 ஆகஸ்ட் 23இல் நிலவில் இறங்கிய விக்ரமும் பிரக்யானும் செப்டம்பர் முதல் வாரத்தில் தூங்கவைக்கப்பட்டன. பிரக்யானின் பேட்டரி முழு சார்ஜில்தான் இருந்தது. ஆனால் நிலவின் இரவு நம் கணக்கில் 14 நாள், குளிர் மைனஸ் 100 டிகிரியைத் தாண்டும். செப்டம்பர் 22இல் மறுபடி சூரிய வெளிச்சம் வந்தபின் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. செவ்வாயில் ஓடிய ஆப்பர்சூனிட்டி ரோவரின் வயிற்றில், தலா ஒரு வாட் வெப்பம் தரும் எட்டு கதிரியக்க வில்லைகளை நாசா வைத்திருந்தது. பேட்டரிக்கு நாம் தரும் அக்குள் சூடுதான் அதுவும், கொஞ்சம் விலை அதிகம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. ராத்திரி ஹெட்லைட்டையும் மாற்று செல்களையும் போனையும் பவர் பேங்கையும் ஒரு காலுறைக்குள் போட்டு, தூங்கும் பைக்குள் வயிற்றோடு வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது மாற்று செல்கள் உள்சட்டைப் பையில் இருக்கட்டும், சில்லறையோடும் சாவியோடும் உரசாமல். மங்கினால் இரண்டு செட்டையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே போனது சூடாகித் திரும்பவும் உதவும். ஹெட்லைட்டின் பேட்டரிப் பெட்டி தலைக்குப் பின்னால் இருந்தால் அதன்மேல் கம்பளிக் குல்லாவை இழுத்துவிடுங்கள். நடக்கும்போது குறைந்த வெளிச்சமே போதும், மின்னோட்டம் பாதியானால் உள்ளே வீணாகும் வோல்ட்டும் பாதியாகும். அடுப்பிலோ நெருப்பிலோ காட்டிச் சூடாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம், செல் வெடிக்கும். லித்தியம் மாற்று செல்களை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

செல்லை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆயுள் கூடும் என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை உண்டு. சும்மா கிடக்கும்போது நடக்கும் இழப்பும் ஒரு வேதிவினைதான், குளிரில் அதுவும் மெதுவாகும். அந்த வரைக்கும் சரி. ஆனால் ஆல்கலைன் செல் அறை வெப்பத்தில் ஆண்டுக்கு 2, 3 சதவீதம்தான் இழக்கும். அதை மிச்சப்படுத்தப் போய், வெளியே எடுக்கும்போது வியர்க்கும் ஈரத்தில் முனைகள் துருப்பிடித்தால் நஷ்டம் நமக்கு.

தாத்தாவின் கட்டைகளுக்குத் திரும்பினால், அந்தப் பெருமையில் பாதி வெயிலுக்கு உரியதல்ல. பகல் முழுக்க டார்ச்சை விட்டு வெளியே கிடந்ததால், உள்ளே ஓரிடத்தில் தேங்கிய வினைபொருட்கள் பரவி விலக நேரம் கிடைத்தது. நிழலில் வைத்திருந்தாலும் ஓரளவு தேறியிருக்கும், வெயில் அந்தப் பரவலை வேகப்படுத்தியது. வெயிலுக்கு ஒரு விலையும் இருந்தது. அந்தக் கட்டையில் குப்பியே துத்தநாகம், எரிய எரிய குப்பிதான் கரைகிறது. மெலிந்துபோன குப்பியைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் ஒருநாள் ஓட்டை விழுந்து பசை வெளியே கசியும். தாத்தாவின் டார்ச் இப்போதும் பரணில் இருக்கிறது. பின்மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது, எவ்வளவு திருகினாலும் திறக்க வரவில்லை.