பேட்டரியில் எரியும் போட்டோ விளக்கு: நடுவில் இருக்கும் டிரைவரின் வேலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கேட் மோட்டார் வைத்த வீடுகள் ஏராளம். மோட்டார் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்று உட்கார்ந்திருக்கும். 2023-இல் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, இருந்தது. அதற்குப் பிறகு பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர்-மணி, வாட்-மணி எல்லாம் இங்கே சமையலறைப் பேச்சாகிவிட்டன. காவடி, தீமிதி, தீபாவளிப் பலகாரம் என்று படம் எடுக்கிறவர்கள் சொந்தமாக எல்இடி விளக்கு செய்யத் தொடங்கினால், கை முதலில் போவதும் இந்த பேட்டரிக்குத்தான். விடியுமுன் ஆற்றங்கரையில் காவடி எடுக்கும் இடத்தில் பிளக் பாயின்டுக்கு எங்கே போவது?

எல்இடிகள் வரிசையாகப் பதித்த ஸ்ட்ரிப்பை, நடுவில் டிரைவர் என்ற மின்னோட்டக் கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாமல், பேட்டரியில் நேரே மாட்டினால் எரியும், பளிச்சென்றே எரியும். கண் குறை சொல்லாது, காமிரா சொல்லும். முதல் படத்துக்கும் ஒரு மணி நேரம் கழித்து எடுத்த படத்துக்கும் வெளிச்சம் ஒன்றாக இருக்காது.

எல்இடியின் இயல்புதான் இதற்குக் காரணம். ஒரு வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட்டில் நன்றாக ஒளிரும். அதற்குச் சற்றுக் கீழே போனால் மின்னோட்டம் அடியோடு குறைந்துவிடும். சற்று மேலே போனால் பல மடங்கு ஏறிவிடும். போதாததற்கு, எல்இடி சூடாகச் சூடாக அதே வோல்ட்டேஜில் இன்னும் அதிகமாக இழுக்கும். இழுத்தால் மேலும் சூடாகும். வெளிச்சத்தின் அளவை முடிவு செய்வது மின்னோட்டம். ஆகவே எல்இடிக்கு நாம் உறுதி செய்ய வேண்டியது வோல்ட்டேஜை அல்ல, மின்னோட்டத்தை.

பேட்டரி தருவதோ வோல்ட்டேஜ். அதுவும் நிலையாக நிற்காது. முழு சார்ஜில் 12.6-க்குப் பக்கத்தில் தொடங்கி, தீரும் தறுவாயில் 11-க்கு வந்துவிடும்.

12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடிகளும் ஒரு ரெசிஸ்டரும் (மின்தடை) வரிசையாக இருக்கும். எல்இடிகள் 9 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மிச்சம் 3 வோல்ட் ரெசிஸ்டரில் விழும். அது 150 ஓம் என்றால் 20 மில்லி ஆம்பியர் ஓடும். பேட்டரி 12.6-இல் இருக்கும்போது மிச்சம் 3.6 வோல்ட், ஓடுவது 24 மில்லி ஆம்பியர். 11.1-க்கு இறங்கினால் மிச்சம் 2.1 வோல்ட்தான், ஓடுவது 14. பேட்டரி வோல்ட்டேஜ் குறைந்தது 12 விழுக்காடு. வெளிச்சம் குறைந்தது 40 விழுக்காடு. காமிராக் கணக்கில் ஏறக்குறைய முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி).

வயரிலும் இதே கதைதான், ஆனால் அதை யாரும் கவனிப்பதில்லை. மெல்லிய 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை 3 மீட்டர் இழுத்தால், போக வர 6 மீட்டர், மின்தடை 0.2 ஓம். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் 4 ஆம்பியர் இழுக்க வேண்டிய ஸ்ட்ரிப் அந்த வயரில் சுமார் 3.2 ஆம்பியர்தான் இழுக்கும். ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே போய்விட்டது. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு ஐந்து விழுக்காட்டுக்கு இறங்கும். விலை உயர்ந்த ஸ்ட்ரிப் வாங்கி மெல்லிய வயரில் மாட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி, மின்னோட்டத்தை எப்படிக் கட்டிப் பிடிப்பது? அதற்குத்தான் டிரைவர். ஸ்ட்ரிப்பை விட்டு, 30 முதல் 36 வோல்ட் கேட்கும் பெரிய ஒற்றை எல்இடிக்குப் போகிறவர்களுக்கு வோல்ட்டேஜை ஏற்றித் தரும் டிரைவர் தேவை. அதன் உள்ளே ஒரு செம்புக் காயில், ஒரு மின்னணு ஸ்விட்ச், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு, மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கண்டென்சர். ஸ்விட்ச் மூடும்போது (அதாவது இணைப்பு கிடைக்கும்போது) பேட்டரியின் மின்னோட்டம் காயிலில் மெல்ல ஏற, ஆற்றல் அதைச் சுற்றிக் காந்தப்புலமாகச் சேமிக்கப்படுகிறது. காயில் கோயில் தேர் மாதிரி: நகர்த்துவதும் பாடு, ஓடத் தொடங்கியபின் நிறுத்துவதும் பாடு. ஸ்விட்ச் திடீரென்று திறந்தால் காயில் தன் மின்னோட்டத்தை விடாமல் தள்ளுகிறது. போக ஒரே வழி டயோடு. அதன் வழியே தள்ளுவதற்காக வோல்ட்டேஜ் தானாக உயர்ந்து கண்டென்சரை நிரப்புகிறது. விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை இது நடக்கும். எல்இடி வழியே ஓடும் மின்னோட்டத்தை ஒரு சிறு ரெசிஸ்டரில் அளந்து, கூடினால் ஸ்விட்ச் மூடும் நேரத்தைக் குறைத்து, குறைந்தால் கூட்டி, கட்டுப்பாட்டுச் சில்லு அதை ஒரே அளவில் வைக்கிறது.

இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. 30 வாட் விளக்குக்கு, டிரைவர் 90 விழுக்காடு திறமையாக வேலை செய்தால், பேட்டரியிலிருந்து 33 வாட் வேண்டும். 12.6 வோல்ட்டில் அது 2.6 ஆம்பியர், 11 வோல்ட்டில் 3. பேட்டரி தளரத் தளர டிரைவர் இன்னும் அதிகமாக இழுக்கிறது, வெளிச்சமோ கடைசி வரை அசையாமல் நிற்கிறது. விளக்கு மங்கி எச்சரிக்காது என்பதால், குறைந்த வோல்ட்டேஜில் இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் ஒன்றையும் சேர்த்தே மாட்ட வேண்டும். இன்னொன்று: எல்இடியை முதலில் இணைத்துவிட்டு அப்புறம்தான் பேட்டரியை இணையுங்கள். சுமை இல்லாத டிரைவரின் வோல்ட்டேஜ் உச்சிக்கு ஏறி நிற்கும். அந்த நிலையில் எல்இடியைத் தொட்டு வைத்தால் ஒரே நொடியில் கருகலாம்.

ஸ்ட்ரிப்தான் வேண்டும் என்பவர்கள் வோல்ட்டேஜை இறக்கும் வகை மாட்யூல் வாங்கி 12-க்கு வைத்துப் பயனில்லை. பேட்டரியே 12-க்குக் கீழே வந்தபின் எதை இறக்குவது? ஏற்றவும் இறக்கவும் தெரிந்த வகை வேண்டும். இன்வெர்ட்டரில் விளக்கின் அடாப்டரைச் செருகலாமே என்று கேட்பார்கள். 12-ஐ 230 ஆக்கி மறுபடி 12 ஆக்குவதில் இரண்டு முறை இழப்பு. 7 ஆம்பியர்-மணிக்கு அந்தச் செலவு கட்டாது.

வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் விஷயத்தில் கவனம் வேண்டும். மலிவான டிம்மர்கள் மின்னோட்டத்தைக் குறைப்பதில்லை, விளக்கை அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. விநாடிக்கு 200 தடவை என்றால் ஒரு சுற்று 5 மில்லி விநாடி; பாதி வெளிச்சத்தில் அதில் 2.5 இருட்டு. ஷட்டர் 1/500 என்றால் திறந்திருப்பது 2 மில்லி விநாடிதான். அந்த நேரம் முழுக்க இருட்டுக்குள்ளேயே விழலாம். போனிலும் வீடியோவிலும் படம் வரிவரியாகப் பதிவாவதால் பட்டை பட்டையாக வரும். மின்னோட்டத்தையே குறைக்கும் டிரைவரை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபியூஸ் எல்இடிக்காக அல்ல, வயருக்காக. இந்தச் சின்ன பேட்டரிகூட ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டும், வயர் உறை பற்றிக்கொள்ளும். ஆகவே ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. மேலே சொன்ன 30 வாட் விளக்குக்குக் கார்களில் போடும் 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

7 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுக்கும் கணக்கு. வேகமாக எடுத்தால் அவ்வளவு வராது. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுளும் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடை குறைவு, வோல்ட்டேஜும் ஏறக்குறைய சமமாகவே நிற்கும். ஆனால் அதற்கென்று உள்ள சார்ஜர் வேண்டும். ஈய பேட்டரி என்றால் படம் எடுத்து முடித்த அன்றே சார்ஜில் போட்டுவிடுங்கள். தீர்ந்த நிலையில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப் படிகமாக இறுகிவிடும். அப்புறம் சார்ஜ் செய்தாலும் அது முழுக்கக் கரைவதில்லை.